பூ அலங்காரப் பயிற்சி: நம் சகோதரிகள் தெரிந்துகொள்ள வேண்டியவை



நமது டிரஸ்டின் மகளிர் கைத்தொழில் பிரிவில் தையலும் மெஹந்தியும் நடந்து வருவது நீங்கள் அறிந்ததே. அடுத்ததாகப் பூ அலங்காரம் கற்றுத் தர, தேர்ந்த ஆசிரியை ஒருவரை வெளியூரிலிருந்து இரண்டு நாட்களுக்கு அழைக்கலாம் என்று நிர்வாகக் குழுவில் ஒரு யோசனை உள்ளது. அதைச் சொன்னவுடன் இரண்டு கேள்விகள் வந்தன. "பூ வைக்க ஒரு வகுப்பா? நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியாத பூவா?" என்பது பெரியவர்களின் கேள்வி. "இரண்டு நாளில் வந்து போகிறவரிடம் கற்றால் அது பிழைப்புக்கு ஆகுமா?" என்பது தாய்மார்களின் கேள்வி. இரண்டும் நியாயமானவை. மக்கள் நம்பிக் கொடுத்த ஸதகா பணத்தில் நடக்கும் வகுப்பு எதுவானாலும் இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் ஆக வேண்டும். எனவே இந்தக் கலை என்ன, அதில் கற்க வேண்டியது எது, தாம்பரம் பக்கத்தில் அதை வைத்து என்ன செய்யலாம் என்பதை இந்த இதழில் விளக்குகிறோம்.

தொடுப்பது வேறு, அலங்கரிப்பது வேறு

நம் பெண்களுக்கு நன்றாகத் தெரிந்தது பூத் தொடுப்பது. மல்லி, முல்லை, கனகாம்பரம் ஆகியவற்றைக் காம்பு இல்லாமல் பறித்து நாரில் கட்டுகிறோம். அந்தப் பூ தன்னிடம் இருக்கும் ஈரத்தை வைத்தே வாழ்கிறது. அதன் ஆயுள் ஒரு நாளைக்குள் முடிந்துவிடும். சரம், மாலை, உருது பேசும் குடும்பங்களில் மணமகனுக்குக் கட்டும் ஸெஹ்ரா எல்லாம் இந்த வகை.

பூ அலங்காரம் என்பது நீண்ட காம்போடு வெட்டிய பூவை வைத்துச் செய்வது. ரோஜா, ஜெர்பெரா, கார்னேஷன், சம்பங்கித் தண்டு, ஆர்க்கிட் போன்றவை காம்பு வழியாகத் தண்ணீரை உறிஞ்சிப் பல நாட்கள் நிற்கும். இதில் பூவைப் போலவே காம்பும் இலையும் கிளையும் முக்கியம். பூவுக்கும் பூவுக்கும் நடுவே விடும் காலி இடமும் அலங்காரத்தில் சேரும். சரம் கட்டும் விரலுக்கு வேகம் வேண்டும். இங்கே கையோடு கண்ணும் பழக வேண்டும். அந்தக் கண்ணைப் பழக்கத்தான் ஆசிரியர் தேவைப்படுகிறார்.

வந்து போகும் ஆசிரியர்கள் வளர்த்த கலை

உலகில் இதை முறையான படிப்பாக வளர்த்தவர்கள் ஜப்பானியர்கள். அவர்கள் இதை இகெபானா என்பார்கள். கியோட்டோ நகரின் ரொக்காகுதோ ஆலயத்தில் தொடங்கிய இகெனோபோ மரபே மிகப் பழையது. அந்த மரபைச் சேர்ந்த ஒருவரின் பூ அலங்காரத்தைப் பற்றிய குறிப்பு 1462ஆம் ஆண்டு எழுத்தில் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒஹாரா உன்ஷின் என்பவர், உயரமான ஜாடிக்குப் பதிலாக அகலமான, ஆழமில்லாத தட்டில் பூவை நிறுத்தும் முறையைக் கொண்டுவந்தார். அதற்கு மொரிபானா என்று பெயர். 1927இல் தெஷிகஹாரா சோஃபு சொகெட்சு பள்ளியைத் தொடங்கினார். இந்தக் கலையை யாரும், எங்கேயும், எந்தப் பொருளை வைத்தும் செய்யலாம் என்பது அந்தப் பள்ளியின் கொள்கை.

ஜப்பானில் தங்கியிருந்தபோது இதைக் கற்ற எலன் கார்டன் ஆலன் என்ற அமெரிக்கப் பெண்மணி, 1956இல் டோக்கியோவில் இகெபானா இன்டர்நேஷனல் அமைப்பைத் தொடங்கினார். அதன்பின் இந்தக் கலை நாடு நாடாகப் பரவியது. ஓர் ஆசிரியர் ஊருக்கு வருவார், செய்து காட்டுவார், போய்விடுவார். கற்றவர்கள் தங்கள் ஊர்ப் பூவை வைத்துத் தொடர்வார்கள். நமது சென்னையிலும் ஒஹாரா பள்ளியின் கிளை ஒன்று வகுப்புகளும் கண்காட்சிகளும் நடத்தி வருகிறது.

இதன் தொடக்கம் புத்த ஆலயத்தில் என்பதால் சிலருக்குத் தயக்கம் வரலாம். இன்று வகுப்பில் சொல்லித் தருவது கத்தரியும் காம்பும் அளவும்தான். வழிபாடோ காணிக்கையோ அதில் இல்லை. நறுமணச் செடியை ஒருவர் கொடுத்தால் மறுக்க வேண்டாம், அது சுமக்க இலேசானது, வாசமும் நல்லது என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கூறியது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. உஸ்மானியத் துருக்கியில் 1718 முதல் 1730 வரையிலான காலத்தை "துலிப் காலம்" என்றே வரலாற்றில் அழைக்கிறார்கள். ஒற்றைத் துலிப் பூவை மட்டும் நிறுத்தி வைப்பதற்காகவே "லாலேதான்" எனப்படும் குறுகிய கழுத்து ஜாடிகள் அங்கு இருந்தன. ஒரு பூவே ஓர் அறைக்குப் போதும் என்ற ரசனை முஸ்லிம் வீடுகளுக்கும் புதியதல்ல.

"ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்கு?" என்று கேட்பவர்கள் கான்ஸ்டன்ஸ் ஸ்ப்ரையின் வரலாற்றைப் பார்க்கலாம். இவர் 1921இல் லண்டனின் கிழக்குப் பகுதியில், தொழிற்சாலையில் வேலை செய்யும் இளம்பெண்களுக்கான பள்ளிக்குத் தலைமை ஆசிரியையானார். சமையல், தையலோடு பூ அலங்காரத்தையும் அந்தப் பெண்களுக்குக் கற்பித்தார். 1929இல் சொந்தமாகப் பூக்கடை திறந்தார். 1953இல் இரண்டாம் எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழாவுக்குப் பூ அலங்காரம் செய்யும் பொறுப்பு இவரிடம் வந்தது. கீரை இலையையும் வேலியோரச் செடியையும் விலை உயர்ந்த பூவோடு சேர்த்து வைத்தது அவருடைய தனித்தன்மை.

ஆசிரியையிடம் வாங்க வேண்டியது அளவு

இரண்டு நாளில் எல்லாப் பூவையும் கற்க முடியாது. அதற்குத் தேவையும் இல்லை. வருகிறவரிடம் நாம் முக்கியமாக வாங்க வேண்டியது அளவுக் கணக்கு. அது கைக்கு வந்துவிட்டால், அவர் போன பிறகும் எந்தப் பூவை வைத்தும் வேலை செய்யலாம். உதாரணத்துக்கு, சொகெட்சு பள்ளியில் முதலில் சொல்லித் தரும் கணக்கைப் பாருங்கள். தையல் டேப் இருந்தால் போதும்.

ஒரு தட்டின் அகலம் 10 அங்குலம், ஆழம் 2 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் கூட்டினால் 12. அதை ஒன்றரையால் பெருக்கினால் 18. இதுதான் முதல் கிளையின் நீளம். அதில் முக்கால் பங்கு, அதாவது பதின்மூன்றரை அங்குலம், இரண்டாம் கிளை. அதிலும் முக்கால் பங்கு, ஏறக்குறைய 10 அங்குலம், மூன்றாவது. தட்டு பெரிதானால் கிளையும் அதே விகிதத்தில் நீளும்.

அடுத்தது சாய்வு. நேராக நிற்கும் கோட்டிலிருந்து முதல் கிளை 15 டிகிரி, இரண்டாவது 45 டிகிரி, மூன்றாவது 75 டிகிரி சாய வேண்டும். சுவர்க் கடிகாரத்தை நினைத்துக்கொண்டால் எளிது. 12.30க்கு மணி முள் இருக்கும் சாய்வு முதல் கிளைக்கு. 1.30க்கு உள்ள சாய்வு இரண்டாவதற்கு. 2.30க்கு உள்ள சாய்வு மூன்றாவதற்கு. மூன்றையும் ஒரே பக்கம் சாய்க்காமல் இடம், வலம் பிரித்து, சற்று முன்பக்கமாகச் சாய்ப்பார்கள். பிறகு அடிப்பகுதியை மறைக்க இரண்டு மூன்று சிறு பூக்கள். மொத்தம் ஆறேழு காம்புகளில் வேலை முடிந்துவிடும்.

வகுப்பில் ஆசிரியர் முதலில் செய்து காட்டுவார். பிறகு ஒவ்வொருவரும் தனியாகச் செய்ய வேண்டும். அதன்பின் அவர் ஒவ்வொருவரிடமும் வந்து திருத்துவார். அவர் திருத்தும்போது பெரும்பாலும் எதையாவது எடுத்துவிடுவார். ஓர் இலையைக் கிள்ளுவார், ஒரு பூவை உருவுவார், அலங்காரம் தெளிந்துவிடும். கற்க வருகிற சகோதரிகள் அந்த நேரத்தில் "ஏன் எடுத்தீர்கள்?" என்று கேட்க வேண்டும். வகுப்பின் பலன் அந்தப் பதிலில்தான் இருக்கிறது.

நம் பகுதியில் என்ன கிடைக்கும்?

ரோஜாவுக்கு ஓசூர், கார்னேஷனுக்கு நீலகிரி, சம்பங்கிக்குச் சத்தியமங்கலமும் நிலக்கோட்டையும் பெயர் பெற்றவை. எல்லாம் வந்து சேரும் இடம் கோயம்பேடு. அதிகாலையில் அங்கே போனால் கட்டாக வாங்கலாம். சின்ன வேலைக்குத் தாம்பரம் மார்க்கெட் பூக்கடைகளே போதும்.

பாதிப் பொருளைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. தென்னங்கீற்றை மடக்கி வளைக்கலாம், கிழித்துக் கோடாகவும் நிறுத்தலாம். குரோட்டன்ஸ், மணி பிளான்ட், கல்வாழை இலை, மருதாணிக் கிளை, நெட்டிலிங்க இலை எல்லாம் நம் தெருக்களிலேயே இருக்கின்றன. காய்ந்த தாமரைக் காய், தென்னம்பாளை, வெட்டிவேர் ஆகியவை பல மாதம் கெடாது. செம்பருத்தி வெட்டிய அன்றே வாடிவிடும், வேலைக்கு ஆகாது. அரளி பார்க்க அழகாக இருந்தாலும் அதன் இலை, பூ, பால் எல்லாமே நஞ்சு. குழந்தைகள் இருக்கும் வீட்டிலும் சாப்பாட்டு மேசை அருகிலும் அதை வைக்கவே கூடாது.

பாத்திரத்துக்கும் அதிகம் செலவு வேண்டாம். விளிம்பு உடைந்த பீங்கான் சஹன், மண்சட்டி, பழைய பித்தளைத் தாம்பாளம் எல்லாம் பயன்படும். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய பாத்திரங்களும் செடிகளும் கிடைக்கும். காலையிலேயே போய்விட்டு ஜும்ஆவுக்கு முன் திரும்பிவிடலாம். தனியாக வாங்க வேண்டியது இரண்டு பொருட்கள்தான். ஒன்று நல்ல கத்தரி. மற்றது முள் தட்டு. கனமான அடித்தட்டில் பித்தளை ஊசிகள் நெருக்கமாக நிற்கும். அதில் காம்பைக் குத்தினால் வேண்டிய சாய்வில் நிற்கும். ஒருமுறை வாங்கினால் பல வருடம் உழைக்கும்.

கல்யாண மேடைகளில் தண்ணீரில் ஊறவைத்துப் பூ குத்தும் பச்சை ஸ்பாஞ்சைப் பார்த்திருப்பீர்கள். அது 1954இல் அமெரிக்காவில் வந்த பொருள். ஒருவகைப் பிளாஸ்டிக்கால் ஆனது. மண்ணில் மக்காது, பொடிப்பொடியாக உதிர்ந்து தண்ணீரில் கலக்கும். இங்கிலாந்தின் ராயல் தோட்டக்கலைக் கழகம் தன் கண்காட்சிகளில் 2021 முதல் அதற்குத் தடை விதித்துவிட்டது. முள் தட்டு, சுருட்டிய கோழி வலை, ஈர மணல், குறுக்காகக் கட்டிய குச்சிகள் ஆகியவற்றில் பழகுவதே நல்லது. ஒவ்வொரு வேலைக்கும் ஸ்பாஞ்ச் வாங்கும் செலவும் மிச்சம்.

பூவைக் காப்பாற்றும் முறை

வாடிக்கையாளர் நம்மை மறுபடி கூப்பிடுவதும் கூப்பிடாததும் பூ எத்தனை நேரம் நின்றது என்பதைப் பொறுத்தது. இதற்குச் சில விதிகள் உண்டு.

வாங்கும்போதே பாருங்கள். ரோஜா மொட்டின் அடியை மெல்ல அழுத்தினால் கெட்டியாக இருக்க வேண்டும். சம்பங்கியில் கீழே இரண்டு மூன்று பூ மட்டும் விரிந்த தண்டே நல்லது.

காம்பின் நுனியை வாளித் தண்ணீருக்குள் வைத்துச் சாய்வாக வெட்டுங்கள். வெளியில் வெட்டினால் காம்புக்குள் காற்று புகுந்து தண்ணீர் ஏறுவதைத் தடுக்கும். வெட்டியபின் சில மணி நேரம் நிழலில், தண்ணீரில் நிறுத்தி வைத்து அதன்பிறகு வேலையைத் தொடங்குங்கள்.

தண்ணீருக்குள் மூழ்கும் இலைகளைக் கிள்ளிவிடுங்கள். அவை அழுகினால் கிருமி பெருகிக் காம்பு அடைத்துக்கொள்ளும். ஜெர்பெராவுக்குத் தண்ணீர் குறைவாகவே இருக்கட்டும், அதன் காம்பு சீக்கிரம் அழுகும்.

நம் பக்கத்தில் பல தெருக்களில் போர் தண்ணீர் உப்பாக இருக்கிறது. பூவுக்குக் குடிதண்ணீரே நல்லது. தினமும் மாற்றுங்கள். சர்க்கரையை மட்டும் போட்டால் தண்ணீர்தான் விரைவில் கெடும்.

மின்விசிறிக் காற்று, நேர் வெயில், பழக்கூடை ஆகிய மூன்றும் பூவுக்கு ஆகாது. பழுக்கும் பழத்திலிருந்து வரும் எத்திலீன் வாயு பூவைச் சீக்கிரம் வாடச் செய்யும். கார்னேஷன் இதில் மிகவும் பலவீனம்.

இதில் வருமானம் எங்கே?

பெரிய மேடை அலங்காரம் ஆட்களும் வண்டியும் முதலும் தேவைப்படும் தொழில். வீட்டிலிருந்து தொடங்கும் சகோதரி அதில் இறங்க வேண்டாம். அவருக்கான இடம் வேறு. நம் திருமணங்களில் பெண்கள் பகுதி தனியாக இருக்கிறது. மணப்பெண்ணின் அறை, மெஹந்தி நிகழ்ச்சி, பெண்கள் உட்காரும் கூடம் ஆகியவற்றில் கடைசி நிமிடம் வரை ஆண் தொழிலாளர்கள் ஏணி போட்டு நிற்பது எல்லோருக்கும் சங்கடம். பெண்களே வந்து செய்தால் கூப்பிடக் குடும்பங்கள் தயாராக இருக்கும். அதோடு அகீகா, பட்டமளிப்பு, பள்ளி விழா, மருத்துவமனை வரவேற்பறை, அலுவலகத்தில் வாரம் ஒருமுறை மாற்றும் ஒரு தட்டுப் பூ என்று சிறு வேலைகள் பல உண்டு. ஏற்கெனவே மெஹந்தி போடப் போகும் சகோதரி இதையும் கற்றால் ஒரே வீட்டில் இரண்டு வேலை கிடைக்கும்.

விலை சொல்லும்போது பூவின் விலையோடு நிறுத்தாதீர்கள். போக்குவரத்து, உடைந்து வீணாகும் காம்பு, பாத்திரத்தின் தேய்மானம், அதிகாலையில் எழுந்து செய்த உழைப்பு என நான்கையும் சேருங்கள். கூலியைச் சேர்க்காமல் விலை சொன்னால் சில மாதத்தில் தொழில் நின்றுவிடும்.

உத்யம் பதிவு இணையத்தில் இலவசமாகச் செய்யலாம். மாவட்ட ஆட்சியர் தலைமையில் இயங்கும் முஸ்லிம் மகளிர் உதவும் சங்கத்திலும் தகுதியுள்ளவர்கள் விண்ணப்பிக்கலாம். தாம்பரம் பகுதியினர் செங்கல்பட்டு ஆட்சியரகத்தில் விசாரிக்க வேண்டும். விண்ணப்பம் எழுத நமது அலுவலகம் உதவும்.

நிக்காஹ் வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள்

இந்தப் பயிற்சியால் கற்பவருக்கு மட்டும் லாபம் என்று நினைக்க வேண்டாம். பெண்ணைப் பெற்றவர்கள் மேடைப் பூவுக்காகக் கடன் வாங்குவதை நம் மஹல்லாவிலேயே பார்க்கிறோம். சில மணி நேரத்தில் அந்தப் பூ முழுவதும் குப்பை வண்டியில் ஏறுகிறது. வீண் விரயத்தைப் பற்றி ஜும்ஆ மேடையில் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆனால், "குறைத்தால் பார்க்க நன்றாக இருக்காதே" என்ற கவலைக்கு யாரும் பதில் சொல்வதில்லை. இந்தக் கலையில் அதற்குப் பதில் இருக்கிறது. நிக்காஹ் தஃப்தர் வைக்கும் மேசையில் ஏழு காம்புகளை அளவோடு வைத்தால், மூட்டை மூட்டையாகக் கொட்டிய பூவைவிடக் கண் அதில்தான் நிற்கும். மேசை அலங்காரம் ஓர் அடி உயரத்துக்குள் இருக்கட்டும், எதிரே இருப்பவரின் முகத்தை மறைக்காது. நிகழ்ச்சி முடிந்ததும் அந்தத் தட்டை அப்படியே வீட்டுக்குக் கொண்டு போகலாம். தண்ணீர் மாற்றினால் இன்னும் சில நாள் நிற்கும்.

இன்னொன்று. முகூர்த்த நாட்களில் பூ விலை ஏறும். நமக்கு முகூர்த்தக் கணக்கு இல்லை. மண்டபத் தேதி பார்க்கும்போதே நாட்காட்டியில் முகூர்த்தம் இல்லாத நாளாகப் பார்த்தால் பூவும் மலிவு, மண்டபமும் எளிதில் கிடைக்கும். மல்லி கோடையில் மலிவு, பனிக்காலத்தில் கிராக்கி. பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் ரோஜா விலை உயரும்.

வகுப்பைப் பற்றி

நிர்வாகக் குழு இறுதி முடிவு எடுக்கும்போது நான் முன்வைக்கப் போகும் யோசனைகள் இவை. இருபது பேருக்கு மேல் சேர்க்கக் கூடாது. அதற்கு மேல் போனால் ஆசிரியையால் ஒவ்வொருவர் கையையும் பார்த்துத் திருத்த முடியாது. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய பிறகு தொடங்கி, அவர்கள் திரும்புவதற்குள் முடிய வேண்டும். லுஹர் தொழுகைக்கு இடைவேளை உண்டு. வருகிற ஆசிரியையிடம் முன்கூட்டியே ஒரு நிபந்தனை சொல்ல வேண்டும்: பூவில் பாதியாவது தாம்பரத்தில் கிடைப்பதாக இருக்க வேண்டும். வெளிநாட்டுப் பூவில் மட்டும் கற்றால், அவர் ரயில் ஏறிய மறுநாளே வகுப்பும் மறந்துவிடும்.

ஆசிரியை போன பிறகு எட்டு வாரம், வாரம் ஒருநாள், கற்றவர்கள் நமது கூடத்தில் சேர்ந்து செய்து பார்க்க வேண்டும். இருக்கிற இலையும் கீற்றும் போதும். செய்ததை முன்பக்கமும் பக்கவாட்டிலும் போட்டோ எடுத்து வைத்தால், எட்டாம் வாரத்தில் முன்னேற்றம் அவர்களுக்கே தெரியும். அந்தப் போட்டோக்களே வாடிக்கையாளரிடம் காட்டும் ஆல்பமாகவும் ஆகும். இந்த எட்டு வாரத்துக்கு ஏற்பாடு செய்ய முடியாவிட்டால் இரண்டு நாள் வகுப்புக்கும் பணம் செலவிட வேண்டாம் என்பதே என் கருத்து.

பயிற்சிச் செலவு பொது ஸதகா நிதியிலிருந்து போகும். ஜகாத் பெறத் தகுதியுள்ள சகோதரிகளுக்குக் கத்தரியும் முள் தட்டும் ஜகாத் நிதியிலிருந்து அவர்களுக்கே சொந்தமாகக் கொடுக்கலாம். முதல் கொள்முதலுக்கு வட்டியில்லாக் கடன் கேட்பவர்களின் மனுக்களைப் பைத்துல்மால் குழு பரிசீலிக்கும். கணவரை இழந்தவர்கள், தனியாகப் பிள்ளைகளை வளர்ப்பவர்கள் ஆகியோருக்கு முதலிடம்.

சேர விரும்புவோர் பெயரைக் கொடுக்கும்போது இரண்டு விஷயங்களை எழுதிக் கொடுங்கள். வாரம் ஒருநாள் பயிற்சிக்கு வர முடியுமா? கற்ற பின் யாருக்காக, என்ன வேலை செய்ய நினைக்கிறீர்கள்? இருபது நல்ல பதில்கள் வந்தால் வகுப்பு நடக்கும், இன்ஷா அல்லாஹ். வரும் மாதங்களில் வீட்டில் நிக்காஹ் வைத்திருப்பவர்களும் தேதியைச் சொல்லுங்கள். கற்று முடித்தவர்களின் முதல் வேலை நம் வீட்டுத் திருமணமாகவே இருக்கட்டும்.

நம் பெண்களின் கை உழைப்பில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.
செயலாளர்